போர்வை போர்த்திய பிரிட்ஜும் பொட்டு வைத்த இன்வெர்ட்டரும்

சூடாகிப்போன சாமானைக் குளிர வைக்கிறது எங்கள் தொழில். சூடாகி வருகிற ஆட்களைக் குளிர வைக்கிறது அதோடு சும்மா செய்து கொடுக்கிற சேவை.

சங்கரன்கோவிலில் மிக்சி, பிரிட்ஜ், இன்வெர்ட்டர், கூலர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிற ஒரு கடையில் வேலை செய்கிறேன். பேர் கோமதி. எங்கள் ஊர்த் தெருவில் நின்று இந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டால் வீட்டுக்கு ஒரு தலை எட்டிப் பார்க்கும். படிப்பெல்லாம் திருவேங்கடம் பக்கம் எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில்தான். ரிப்பேர் வேலையை மகளிர் குழு மூலமாக நடந்த ஒரு பயிற்சியில் படித்தேன். வெயில் காலத்தில் பிரிட்ஜ் நின்றுபோய், அரைத்து வைத்த மாவு புளித்து, அதைப் பார்த்து வீட்டுக்காரரும் சேர்ந்து புளித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால் நீங்களும் நானும் ஒரே கட்சி. தைரியமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

அண்ணாச்சியின் ஒரே சட்டம்

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தீப்பெட்டி செய்கிற கம்பெனிக்கு, போய்க்கொண்டிருந்தேன். வேன் விடியும் முன்னே வந்து ஹாரன் அடிக்கும். என் மகள் தூங்கும்போது கிளம்பிப் போவேன். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஆன பிறகு திரும்பி வருவேன். அவளுக்குத் தலை பின்னிவிட்டதே ஞாயிற்றுக்கிழமைதான். இந்தக் கடை வேலை கிடைத்த பிறகு தினமும் ரெட்டைச் சடை போட்டு, பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, அப்படியே கடைக்கு நடந்து வந்துவிடுவேன். அந்தச் சடைக்காகவே இந்த வேலையை விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

கடை முதலாளி அண்ணாச்சிக்கு ரிப்பேர் தெரியாது, ரிட்டன் தெரியும். ஒரு தடவை சரிபார்த்த சாமான் அதே கோளாறோடு திரும்பி வந்தால் அதற்குப் பேர் ரிட்டன். அந்தச் சொல்லைக் கேட்டால் அவர் மேஜையில் ஓடுகிற காற்றாடியைக்கூட நிறுத்திவிட்டு வேர்க்க ஆரம்பிப்பார். நான் சேர்ந்த அன்றைக்கே கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "ஏ கோமதி, ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்க. இந்தக் கோட முடியிற வரைக்கும் பாப்பேன். ரிட்டன் வந்துக்கிட்டே இருந்துச்சின்னா ராஜபாளையத்துல ஒரு மெக்கானிக் பையன் இருக்கான், அவனக் கூப்பிட்டுக்கிடுவேன். நீ பழையபடி வேன்ல ஏறிக்கோ."

பக்கவாட்டில் சுடுகிற பிரிட்ஜ்

முதல் ரிட்டன் செல்லத்தாய் அக்கா வீட்டு பிரிட்ஜ். அக்கா வீடு தறித் தெருவில். பிரிட்ஜில் பால் திரைகிறது என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் பிரிட்ஜைக் காணவில்லை. பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்று உச்சி முதல் பாதம் வரை போர்த்திக்கொண்டு மூலையில் நின்றது. கதவு இருக்கிற பக்கம் மட்டும் ஒரு கிழிசல். அது வழியாகத்தான் பால் போகும், பால் வரும். இந்தக் காலத்து பிரிட்ஜ் உள்ளே இருக்கிற சூட்டைப் பக்கவாட்டுத் தகடு வழியாகத்தான் வெளியே விடும். அதில் துணியைப் போர்த்திச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்தால் பாவம், அது என்ன செய்யும்? விரிப்பை உருவினேன், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்தேன், விளக்கிச் சொன்னேன். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மோர் எல்லாம் கொடுத்தாள்.

அடுத்த வாரமே மறுபடி பால் திரைந்துவிட்டது. போனேன். படுக்கை விரிப்பைக் காணோம். அதற்குப் பதில் ஜமக்காளம். "என்னக்கா இது, மேல எதையும் போத்தாதீங்கன்னு அவ்வளவு சொன்னேனே, அதுக்கென்ன குளிரவா செய்யுது?" என்றேன். அக்கா என்னை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அதுக்குக் குளிருதுன்னா போத்தினோம்? பக்கவாட்டுல கை வச்சா எங்களுக்குல்லா சுடுது!"

மெக்கானிக் எப்போ வருவாரு?

கரிவலம்வந்தநல்லூரில் ஒரு விவசாயி வீடு. இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்திவிட்டு நின்றுபோகிறதாம். பஸ் பிடித்துப் போய், பையை இறக்கி வைத்து, டெஸ்டரைக் கையில் எடுத்துவிட்டேன். வீட்டுப் பெரியவர் எனக்குத் தண்ணீர் கொடுத்து, காற்றாடிக்குக் கீழே நாற்காலி போட்டு, "இரும்மா, மெக்கானிக் எப்போ வருவாரு?" என்று கேட்டார். "வந்துட்டாரு பெரியப்பா" என்றேன். வாசலை எட்டிப் பார்த்தார்.

இன்வெர்ட்டரில் காற்று போக வர வரிவரியாகச் சந்து இருக்கும். ஒரு சந்துகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் காய்ந்து சிமெண்டாகி இருந்தது. நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். பழைய பல்தேய்க்கிற பிரஷ்ஷால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். காற்று வந்ததும் கத்தல் நின்றது. "பெரியப்பா, இந்தச் சந்து அதுக்கு மூக்கு. மூக்குல சந்தனம் வச்சா மூச்சு முட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சித்திரை பிறந்த மறுநாள் திரும்பவும் போன். போய்ப் பார்த்தால் முன்னைக்கு இரண்டு மடங்கு சந்தனம், போதாததற்கு இன்வெர்ட்டரின் காற்றாடிச் சந்து மேல் ஒரு முழம் பிச்சிப்பூ. பையில் இருந்து பழைய பிரஷ்ஷை மறுபடியும் எடுத்தேன். பெரியவர் உருகிப்போய்ச் சொன்னார்:

"நல்லா ஓட வச்சிட்டுப் போனியே, அந்த நன்றிக்குத்தாம்மா இந்தத் தடவ கூடக் கொஞ்சம் வச்சோம்."

துண்டு மேல் உட்கார்ந்த மிக்சி

இந்த ரிட்டனுக்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. கைக்குழந்தைக்காரப் பெண் ஒருத்தி. மிக்சி பாதிச் சட்னியில் நின்றுவிடுகிறது என்று கொண்டுவந்தாள். மிக்சிக்கு அடிவயிற்றில்தான் மூச்சு. அவள் அடியில் தேங்காய்ப்பூத் துண்டை நாலாக மடித்து வைத்து, அதன் மேல் மிக்சியை வைத்து அரைக்கிறாள். துண்டு மிக்சியின் மூச்சை அடைக்கிறது, மோட்டார் கொதிக்கிறது, அடியில் இருக்கிற சிவப்புப் பொத்தான் தெறித்து வெளியே வருகிறது. அதை அமுக்கிக் கொடுத்தேன். துண்டை எடுத்துவிடச் சொன்னேன். "சரிக்கா" என்றாள். இரண்டு மூன்று நாளில் மிக்சியோடு திரும்ப வந்து நின்றாள். துண்டும் அப்படியே கூட வந்திருந்தது.

ஏன் என்று கேட்டேன். தோளில் தூங்குகிற பிள்ளையைக் கண்ணால் காட்டி, சத்தம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "துண்டு இல்லன்னா மிக்சி போடுத சத்தத்துல இவன் முழிச்சிக்கிடுதான். மிக்சி போனா உங்கள்ட்ட குடுக்கலாம். இவன் முழிச்சா நீங்களாக்கா வந்து தொட்டில் ஆட்டப் போறீங்க?"

கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் லேப்டாப்

தறித் தெருவில் ஒரு தம்பி. சென்னைக் கம்பெனி வேலையை வீட்டில் இருந்தே பார்க்கிறான். வேலை பார்க்கிற இடம் மெத்தை, மேஜை தலையணை. லேப்டாப் தலையணைக்குள் புதைந்து கொதித்துக்கொண்டிருந்தது. திறந்தேன். உள்ளே சின்னக் காற்றாடியைச் சுற்றித் தறிப் பஞ்சு பதிந்து திரண்டு இருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் திரியாக நீண்டு வந்தது. கோயிலுக்குக் கொடுத்தால் ஒரு கார்த்திகைக்குத் தாங்கும். துடைத்து மாட்டி, பலகை மேல் வைத்து வேலை பார்க்கச் சொன்னேன்.

மறுபடி கடைக்கே வந்தது, தம்பியும் அவன் அம்மாவும் கூடவே வந்தார்கள். இந்தத் தடவை லேப்டாப் சுடவில்லை, ஜில்லென்று இருந்தது. மூலைமூலைக்குத் தண்ணீர் முத்து முத்தாக வழிந்தது. ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்தது. மறுபடியும் சுட்டதாம், தம்பி சாப்பிட எழுந்த நேரம் பார்த்து அவன் அம்மா அதை பிரிட்ஜில் தூக்கி வைத்திருக்கிறாள். மூடி போட்டு வைத்தாளா என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். வெயிலில் உலர்த்திக்கொண்டே மெதுவாக, "இதையெல்லாம் பிரிட்ஜுல வைக்கக் கூடாதும்மா" என்றேன். அந்த அம்மா என் மேல் ஏறிவிட்டாள்:

"மீனு வச்சா கெட மாட்டேங்கு, பாலு வச்சா கெட மாட்டேங்கு, இது மட்டும் கெட்டுப்போவுதுன்னா அந்தக் கம்பெனிக்காரன் என்னத்தச் செஞ்சி குடுத்திருக்கான்?"

ஜன்னலோடு பகை

பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி, கூலரைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். போட்டால் வீடே புழுங்குகிறதாம், சுவர் வேர்க்கிறதாம், அப்பளம் தானாகவே நமுத்துப்போகிறதாம். கூலரில் ஒரு கோளாறும் இல்லை. "ஜன்னலத் தொறந்து வச்சிக்கிட்டுப் போடுதீங்களா அண்ணாச்சி?" என்றேன். கதவு, ஜன்னல், வென்டிலேட்டர் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தி, இடுக்கில் பழைய வேட்டியைத் திணித்து, அதன் பிறகுதான் போடுவாராம். கூலர் காற்று ஈரக் காற்று. ஒரு பக்கம் வந்தால் ஒரு பக்கம் வெளியே போக வேண்டும், இல்லையென்றால் வீடு இட்லிக் கொப்பரை ஆகிவிடும் என்று கை ஆட்டி விளக்கினேன். கூலரைத் தூக்கிக்கொண்டு போனார். மறுவாரம் கூலர் திரும்ப வந்து கடை வாசலில் நின்றது. அவர் ஜன்னலைத் திறக்கவில்லை, நியாயமும் வைத்திருந்தார்:

"ஜன்னலத் தொறந்துதான் காத்து வாங்கணும்னா அதத்தான் எங்கப்பா வீடு கட்டும்போதே வச்சிட்டுப் போயிட்டாரே, நான் எதுக்கும்மா கூலர் வாங்குனேன்?"

அண்ணாச்சிக்கு வேர்த்த நாள்

கடையில் ரிட்டன் சாமான் வைக்கிற பலகை நிறைந்துவிட்டது. அண்ணாச்சி அதைப் பார்க்கும்போதெல்லாம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். நான் பார்த்த வேலையில் ஒன்றுகூடப் பிசகில்லை, சாமானை மூடி வைக்கிறார்கள், நான் என்ன செய்வேன் என்று சொல்லிப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியாததா, முதலாளியிடம் நியாயம் பேசுகிறது ஜன்னல் சாத்தின வீட்டில் கூலர் போடுகிற மாதிரி; ஒரு பக்கம் போகும், வெளியே வராது.

அவர் போனை எடுத்து ராஜபாளையத்துக்குப் பேசினார். திங்கள்கிழமை அந்த மெக்கானிக் வந்து பார்க்கப்போகிறான் என்று எனக்குக் கேட்கிற மாதிரியே பேசினார். வீட்டுக்கு வந்து மகளுக்குச் சடையை அவிழ்த்துவிடும்போது மனசு ஒரு மாதிரியாகிவிட்டது. போனை வைத்துவிட்டு அண்ணாச்சி ஆறுதலாகவும் ஒன்று சொல்லியிருந்தார்:

"உன் மேல ஒரு கொறையும் இல்ல கோமதி, நீ பாக்குத சாமான்தான் உன்னத் தேடித் தேடி வருது."

பிரிட்ஜுக்குப் பாவாடை

திங்கள்கிழமைக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று செல்லத்தாய் அக்கா வீட்டுக்குப் போனேன். ஜமக்காளத்தை உருவிவிட்டு, பிரிட்ஜைத் துடைத்து, அக்கா கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கிறேன். அதற்குள் பிரிட்ஜ் தலையில் வெள்ளையாக ஒரு படலம். பின்கட்டில் தறி ஓடுகிறது. பஞ்சு வீடு முழுக்கப் பறக்கிறது. அக்கா விரலால் வழித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதுக்குள்ள கெடந்துகிட்டு மூடாம வைன்னு சொல்லுத. மூடாம வச்சா இதுக்கு வாலு முளைச்சிரும் பாத்துக்க." அவள் சொன்னது சரிதான். இந்த ஊரில் மூடாத சாமான் பஞ்சால் கொதிக்கும். மூடின சாமான் மூடினதால் கொதிக்கும். இதற்கு நடுவில் ஒரு வழி வேண்டும்.

வீட்டில் கல்யாணத்துக்குக் கொடுத்த தையல் மிஷின் இருக்கிறது. கிழிந்த கொசுவலையும் இருக்கிறது. அக்காவின் பூப்போட்ட விரிப்பை வாங்கிக்கொண்டு வந்து, தலைக்கும் முன்பக்கத்துக்கும் மட்டும் துணியை விட்டு, பக்கவாட்டையும் முதுகையும் வெட்டி எறிந்தேன். அந்த இடத்தில் கொசுவலை. வலை தகட்டில் ஒட்டாமல் தள்ளித் தொங்குவதற்கு மகள் கவுனுக்கு வைக்கிற மாதிரி மேலே சுருக்கு. பஞ்சு வலையில் நிற்கும். காற்று போய் வரும். பிள்ளை கை வைத்தால் வலையில்தான் படும். வாரம் ஒரு தடவை உதறிப் போட்டால் போதும். அதே கையோடு மற்றதையும் பார்த்தேன். மிக்சிக்காரப் பெண்ணுக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பை வெட்டி நாலு காலிலும் ஒட்டிக் கொடுத்தேன். சத்தமும் அமுங்கியது, அடியில் காற்றும் போனது. லேப்டாப் தம்பிக்குத் தலையணை மேல் போட ஒரு பரீட்சை அட்டை. பூக்கடை அண்ணாச்சி ஜன்னலுக்கு ஒரு வலைச் சட்டம். பஞ்சும் கொசுவும் வராது, இது உங்கப்பா வைக்காத ஜன்னல் என்றதும் திறந்துவிட்டார். கரிவலம் பெரியவருக்கு இன்வெர்ட்டர் நெற்றியில், சந்துக்கு ரொம்ப மேலே, சின்னதாக ஒரு ஓட்டுச் சில்லை ஒட்டி, "சாமிக்கு இங்கன மட்டும் வைங்க பெரியப்பா" என்றேன். அவர் அந்தச் சில்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

செல்லத்தாய் அக்கா பிரிட்ஜுக்கு அந்த உடுப்பை மாட்டிவிட்டு நிமிர்கிறேன், வாசலில் தெருவே நிற்கிறது. எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏட்டி செல்லத்தாயி, உன் பிரிட்ஜுக்கு மட்டும் பாவாட சட்ட தச்சிப் போட்டுட்டியாக்கும், எங்க வீட்டுது மட்டும் என்ன அம்மணமாவா நிக்கணும்?"

ரிட்டன் இல்லாத கடை

சொன்னபடி திங்கள்கிழமை ராஜபாளையத்து மெக்கானிக் வந்தான். நல்ல பையன், பெரிய பை, பைக்குள் என்னிடம் இல்லாத கருவியெல்லாம் இருந்தது. ரிட்டன் பலகைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். பலகை காலி. எல்லாம் அதனதன் வீட்டுக்குப் போய் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு சாமானும் திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவன் அண்ணாச்சியின் மேஜைக் காற்றாடியைத் துடைத்துக் கொடுத்தான்; கடைக் கடிகாரத்தைச் சரிபார்த்தான்; பிறகு கொட்டாவி விட்டான். அண்ணாச்சி முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்து வாசலைப் பார்த்தார். அப்புறம் கழுத்தைத் துடைக்க ஆரம்பித்தார். ரிட்டனுக்கு வருகிறவர்கள் போகிற போக்கில் ஒரு ஹோல்டர், ஒரு பிளக், ஒரு டியூப்லைட் என்று வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தக் கூட்டம் நின்றுவிட்டது.

புதன்கிழமை காலையில் எதிர்வீட்டுக்காரி நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கையில் ஆளுக்கொரு துணியோடு கடைக்குள் நுழைந்தாள். ஒருத்திக்கு மயில் கழுத்து நிறம் வேண்டும். ஒருத்திக்கு பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஒரே மாதிரி பார்டர் வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போதே ஒருத்தி பிளக்கும் ஒருத்தி பல்பும் வாங்கினார்கள். ராஜபாளையத்துப் பையன் மெதுவாக என் பக்கத்தில் வந்து, எங்கம்மா வீட்டு பிரிட்ஜுக்கும் அளவு எடுத்து அனுப்பட்டுமா அக்கா என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். அண்ணாச்சி அவன் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் துண்டால் தட்டினார். பிறகு அதை என் பக்கம் காலால் தள்ளிவிட்டு, கோபமா சமாதானமா என்று தெரியாத குரலில் சொன்னார்:

"ரிட்டன் வரப்படாதுன்னுதான சொன்னேன், ஆளே வரப்படாதுன்னா சொன்னேன்? நாளைக்குப் பிள்ளையப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வரும்போது அந்தத் தையல் மிஷின ஒரு ஆட்டோவுல ஏத்திக் கொண்டாந்துரு."

எங்கள் ஊரில் எந்தச் சாமானும் கவனிப்பு இல்லாமல் கெட்டுப்போனதில்லை, எல்லாம் கவனித்துக் கவனித்தே கெட்டவை. அந்தக் கவனிப்பு குறையாத வரைக்கும் என் வேலைக்கு ஒரு குறையும் வராது.